நூறு நாளும் ஒரு பின்னங்காலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மீட்கப்பட்ட குதிரைகளைப் பழக்கும் போட்டி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘எந்தப் பயிற்சியும் இல்லாத குதிரையை நூறே நாளில் மாற்றிக் காட்டலாம்’ என்ற வரி இடிக்கிறது. நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா காட்பாடி ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். போதாக்குறைக்கு என் அண்ணன் மகள் இப்படி ஒரு போட்டிக்காகப் பெண் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கொல்லையில் கட்டினாள்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் 2007-இல் தொடங்கிய போட்டியைத்தான் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அங்கே பழக்குவது மஸ்டாங் குதிரையை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் அரசு நிலங்களில் திரிந்த காட்டுக் குதிரை அது. மனுஷன் கை படாதது, நம்மைப் பார்த்தால் மிரளும், அவ்வளவுதான். நம்மூரில் மீட்கப்படுவது கல்யாண ஊர்வலத்தில் போனது, கடற்கரையில் சவாரி கொடுத்தது, ரேசுக்கு உதவாது என்று கழித்துவிட்டது. அதற்கெல்லாம் பயிற்சி இல்லை என்று யார் சொன்னது? ஏகப்பட்ட பயிற்சி, எல்லாம் அடியால் வந்தது.

எங்களிடம் வந்ததற்கு விலா எலும்பை எண்ணலாம். வாயின் இரண்டு ஓரத்திலும் காய்த்துப்போன தழும்பு. முள் கடிவாளம் மாட்டியிருக்கிறார்கள், 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுக்கப்பட்ட சாமான். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்து, “சுழி சரியில்லையே” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி மனசு கேட்காமல் ஒரு குண்டான் கொள்ளு வேகவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பதறிப்போய்த் தடுத்தேன். பட்டினி கிடந்த குதிரைக்கு எடுத்த எடுப்பில் தானியத்தைக் கொட்டினால் சில நாளில் உயிரே போய்விடும். வயிற்றுக்கு ஒவ்வாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. அதனால் குதிரை மசால் என்கிற பசுந்தீவனம்தான், கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஆறு வேளை. பிறகு ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி, குடற்புழு மருந்து. வெடித்துப்போன குளம்பைச் செதுக்க ஆள் தேடி அலைந்தோம். மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் பொய்கைச் சந்தையில் கிடைப்பார்கள், குதிரைக்கு எங்கே போவது? இதற்குள் 40 நாள் ஓடிவிட்டது. போட்டிக் கணக்கில் இதுவும் பயிற்சி நாள்தான்!

பழக்கியது பாலாற்று மணலில். அந்தக் காலத்தில் ஜட்காக்காரர்கள் புதுக் குதிரையை அங்கேதான் இறக்குவார்கள். கால் புதைகிற மணலில் அரை மணி நேரம் விரட்டினால் எந்த முரட்டுக் குதிரையும் நின்றுவிடும். ‘அடங்கிருச்சு’ என்பார் அப்பா. களைத்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை. அண்ணன் மகள் விரட்டவில்லை. கயிற்றை லேசாக இழுப்பாள், குதிரை அரை அடி எடுத்து வைத்ததும் உடனே தளர்த்திவிடுவாள். அந்தத் தளர்வு வருவது ஒரு நொடி தாமதித்தாலும் குதிரைக்கு எதற்காக என்று புரியாது.

ஒரு சாயங்காலம் மேலே ரோட்டில் கல்யாண ஊர்வலம் போயிற்று. டிரம் செட் சத்தம் கேட்டதுதான் தாமதம், குதிரை காதை மடக்கிக்கொண்டு முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்தது. கயிற்றை யாரும் இழுக்கவில்லை. கரையில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். நான் குதிரையின் மார்பில் கை வைத்தேன், அதன் உடம்பெல்லாம் வேர்வை. சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், 90-ஐத் தாண்டியது. சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் கயிற்றை மணலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

போட்டி நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால், “சூப்பர்மா, அதையே மேடையில ஆட விடு, முதல் பரிசு உனக்குத்தான்” என்றார்கள். அன்றைக்கே பெயரை வாபஸ் வாங்கிவிட்டாள்.

குதிரையை அடக்கிப் பார்க்கும் ஆசை நமக்குப் பழையதுதான். 1714-இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜாவின் கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாராலும் அடக்க முடியாத குதிரையில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களிலும் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற குதிரைதான். புல் மேய்கிற குதிரையை யார் செதுக்கப்போகிறார்கள்!

நம் மாவட்டத்தில் யாராவது இப்படிப் போட்டி நடத்துவதாக இருந்தால், சவாரிக்கும் ஆட்டத்துக்கும் மார்க் போட வேண்டாம். முன்பின் தெரியாத ஆள் குளம்பைத் தூக்கினால் குதிரை நிற்கிறதா, வண்டியில் தானாக ஏறுகிறதா, வாயில் புதுப் புண் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்து மார்க் போடட்டும். நாள் கணக்கைக் குதிரைக்கு உடம்பு தேறிய பிறகு ஆரம்பிக்கட்டும். பரிசளிப்பு முடிந்த மறுநாள் குதிரை எந்த லாயத்துக்குப் போகும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

எங்கள் குதிரை இன்னும் கொல்லையில்தான் நிற்கிறது. நேற்றோடு 214 நாள். மூன்று காலைக் கேட்டால் தூக்கிக் கொடுக்கிறது. இடது பின்னங்காலைத் தொட்டால் மட்டும் இன்னும் நடுங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.