கடைசியாக வந்தவரின் படம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதி திரட்டுவதற்காகக் குழுவாகப் போகும் நெடுந்தூர சைக்கிள் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் முதலில் வந்து சேர்ந்தவர்கள். அப்படியொரு பயணத்தைப் போன மாதம் நானும் முடித்தேன். ஐந்து நாள், 420 கிலோமீட்டர். வந்தது கடைசிக்கு முந்தைய ஆளாக. கடைசி ஆள், குழுவின் வாலைப் பிடித்து வருவதற்கென்றே நியமிக்கப்பட்டவர். 'ஸ்வீப்' என்பார்கள். தனக்குப் பின்னால் யாரும் விடுபடக் கூடாது, அதுதான் அவர் வேலை. மிதிக்க விட்டால் எங்கள் எல்லாரையும் முந்திவிடுவார்.

மூன்றாம் நாள் எதிர்காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தது அன்றுதான் தொடைக்குப் புரிந்தது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பு நன்றாகவே மிச்சமாகும். ஆனால் ஒட்டிப் போக ஆள் வேண்டுமே, குழு எப்போதோ போய்விட்டது. பின்னால் வந்த ஸ்வீப் ஒன்றும் சொல்லாமல் எனக்கு முன்னால் வந்து எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டார். அந்த அரை மணி நேரம், கணக்குப்படி, நான்தான் கடைசி.

ஐந்தாம் நாள், முடிய 11 கிலோமீட்டர் இருக்கும்போது என் பின்சக்கரம் பஞ்சர். நாள் கணக்கில் ஹேண்டில்பாரை அழுத்தியதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் டயரைக் கழற்றக்கூட முடியவில்லை. அவர் கழற்றினார். புது ட்யூபை உடனே போடவில்லை. டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி மாட்டியது. மயிரிழை போல ஒரு கம்பித் துண்டு. அதை எடுக்காமல் ட்யூபை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த வளைவிலேயே மறுபடி காற்று இறங்கியிருக்கும்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் கடைசியில் இருப்பவருக்குச் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கை வைத்து வந்தது. போட்டியிலேயே கடைசி ஆளுக்குப் பெயர் இருக்கிறது. இது போட்டியும் அல்ல. எனக்காகப் பணம் தருவதாகச் சொன்னவர்கள் யாரும் எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்கவில்லை, முடித்தாயா என்றுதான் கேட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் அவர் லேசாக பிரேக் பிடித்தார். நான் முன்னே போனேன்.

அடுத்த முறை உங்கள் புகைப்படக்காரரை இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்