கட்டுப்பல் காலாவதியானதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

தாடையெலும்பில் டைட்டேனியத் திருகு பதித்துப் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் முறை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளதே. ஆயினும் கழற்றி மாட்டும் கட்டுப்பல் காலாவதியாகிவிட்டது என்னும் அதன் தொனியை ஏற்க இயலவில்லை. திருகு எலும்போடு இறுகுவதற்கே பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் செல்லும் நிலையில், அதுவரை மலையிறங்கி நகரத்துக்குப் பலமுறை பஸ் ஏறவும் அதன் செலவைத் தாங்கவும் நாட்சம்பளத்தில் வாழும் எத்தனை தோட்டக் குடும்பங்களால் முடியும்?

கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் தாயாரின் கீழ்க் கட்டுப்பல், கல்யாண வீடுகளுக்குப் போகும் நாள் தவிர, ஈராண்டுகள் தம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு தேய்ந்து ஈறு சுருங்கியதால் அது தளர்ந்திருந்ததே தவிர, பல்லில் குறையில்லை. உட்புறத்தில் புதிதாக அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் இட்டுத் திருத்திய பின் ரொட்டியைத் தேநீரில் நனைக்காமலே உண்கிறார். ஆகவே தோட்டங்களுக்கு வரும் நடமாடும் பற்சிகிச்சை முகாம்கள் பல் பிடுங்குவதோடு நில்லாது, கட்டுப்பல்லுக்கு அளவெடுக்கவும் தளர்ந்தவற்றைத் திருத்தவும் வேண்டும். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதோருக்கு 2 திருகுகள் தாங்கும் கட்டுப்பல்லே முதல் தெரிவு என 2002 இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்துள்ளமையால், உடல்நிலை இடந்தருவோரை அதற்கெனப் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கலாம்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.