“கீழே என்ன விரிக்கிறீர்கள்?” என்று கேட்ட சாச்சாவுக்கு

அன்புள்ள பஞ்சுக்கடை சாச்சாவுக்கும், டெல்லி முனீர்க்காவிலும் ஆர்.கே.புரத்திலும் எங்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். பொங்கலுக்கு முந்தின வாரம் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. தங்கை இன்று காலை தானாக எழுந்து, மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து, இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தத் தெம்பில் எழுதுகிறோம். சாச்சாவுக்குத் தமிழ் தெரியாது. ஆர்.கே.புரம் மாமியின் மகன் கடைக்கே போய் இதை இந்தியில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

சாச்சா, உங்கள் பஞ்சுக்கடைக்கு நாங்கள் இரண்டு ரஜாய்களை, அதாவது பஞ்சு அடைத்துத் தைத்த போர்வைகளை, சுமந்துகொண்டு வந்தோம். ஒவ்வொன்றிலும் மூன்று கிலோ பஞ்சு என்று சொல்லித்தான் விற்றார்கள். கனத்துக்குக் குறைவில்லை, சூடுதான் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு கிலோ கூடுதலாக வைத்துத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டோம். நீங்கள் பஞ்சு விலையைச் சொல்லவில்லை, “நீச்சே க்யா பிச்சாத்தி ஹோ, பேட்டி?” என்று கேட்டீர்கள். கீழே என்ன விரிக்கிறீர்கள்? பாய் என்றோம். பாய்க்கு அடியில்? தரை. என்ன தரை? மொசைக். அதைக் கேட்ட பிறகுதான் கத்தரியைக் கையில் எடுத்தீர்கள்.

எங்களை யாருமே கேட்காத கேள்வி அது. ஊரிலிருந்து கிளம்பும்போது ஸ்வெட்டர் இருக்கிறதா, குல்லா இருக்கிறதா, சாக்ஸ் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லாம் மேலே போட்டுக்கொள்கிறவை. தெற்கேயிருந்து வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் கீழே இருக்கிறது. திருநெல்வேலியில் தரையின் குளிர்ச்சி ஒரு சுகம், அதற்காகவே பாய் விரிக்கிறோம். டெல்லியில் ஜனவரி இரவு 7 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், சில நாள் அதற்கும் கீழே. வீடுகளெல்லாம் வெயிலைத் தாங்கக் கட்டினவை. மொட்டை மாடி அறை என்றால் கூரையும் தரையும் சேர்ந்து ஜில்லிட்டுப் போகும். படுத்தால் உடம்புப் பாரத்தில் பாய் அமுங்கிவிடுகிறது. கோரைக்கு நடுவே சூட்டைப் பிடித்து வைக்கிற அளவுக்குக் காற்று தங்காது. மேலே ஐந்து கிலோ போர்த்தினாலும் முதுகுச் சூடு நேரே மொசைக்குக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். விடிய விடிய அப்படி உறிஞ்சினாலும் அந்தத் தரை சூடாவதே இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, இடுப்பிலிருந்து நடுக்கம் ஏறுகிறதென்றால் காரணம் இதுதான்.

ஒரு ரஜாயின் ஓரத்தைப் பிரித்து ஒரு பிடிப் பஞ்சை எங்கள் கையில் வைத்தீர்கள். சாம்பல் நிறம், நடுநடுவே சிவப்பும் நீலமுமாய் நூல் துணுக்கு. பழந்துணியைக் கிழித்து அரைத்த கழிவு. இரண்டு விரலால் இழுத்தால் இழை நீளாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உங்கள் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதே மாதிரி இழுக்கச் சொன்னீர்கள். மெதுவாக நீண்டு, விட மனமில்லாத மாதிரி பிரிந்தது. அப்புறம் தீக்குச்சியைக் கிழித்தீர்கள். நல்ல பஞ்சு காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் கரைகிற சாம்பலானது. கழிவிலிருந்த பாலியெஸ்டர் உருகிக் கறுத்து, மணி மாதிரி இறுகிக்கொண்டது. ரஜாய் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கடையிலேயே செய்து பார்க்கலாம். பிரித்துக் காட்ட மறுக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்குள் அடைபட்ட காற்று. கழிவுப் பஞ்சில் எடை ஏறும், காற்று நிற்காது. அதனால்தான் நீங்கள் ஆறு கிலோ கழிவையும் வெளியே உதறிவிட்டு, ஒரு ரஜாய்க்கு இரண்டரைக் கிலோ வீதம் புதுப் பஞ்சை எடுத்து இயந்திரத்தில் போட்டீர்கள். பல் வைத்த உருளைக்குள் கட்டிகட்டியாகப் போனது, மறுபக்கம் நுரை நுரையாக வந்து விழுந்தது. உங்கள் புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளைவெளேரென்று படிந்திருந்தது. தங்கை ஒரு தடவை இருமினாள். உடனே மோட்டாரை நிறுத்தி, எங்களை எதிர்ப்பக்கத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டினீர்கள். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

டோரா போடுவது என்று நீங்கள் சொல்லும் தையலையும் பார்த்தோம். அடித்த பஞ்சை உறைக்குள் சமமாகப் பரப்பி, குச்சியால் தட்டி, நீள ஊசியில் இரட்டைத் தடிநூல் கோத்து, வரிக்கு வரி நான்கு விரல்கடை விட்டுத் தைத்தீர்கள். இடைவெளி அகன்றால் ஒரு மாதத்தில் பஞ்செல்லாம் கால்மாட்டுக்குச் சரிந்துவிடும். நூலை இறுக்கினால் தையல் ஓடுகிற இடமெல்லாம் பஞ்சு அமுங்கி, வரிவரியாகக் குளிர் ஏறும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கட்டைவிரலை நூலுக்கு அடியில் நுழைத்துப் பார்த்த பிறகே முடிச்சுப் போட்டீர்கள்.

வேலை அதோடு முடிந்தது என்று நினைத்து எழுந்தோம். ஒதுக்கி வைத்திருந்த அந்த ஆறு கிலோ கழிவை இழுத்துப் போட்டு, அதையும் இயந்திரத்தில் அடித்தீர்கள். போர்த்திக்கொள்ளத்தான் லாயக்கில்லை, படுக்க இது போதும் என்றீர்கள். நாலடிக்கு ஆறடியில், கெட்டித் துணியில், இரண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு கத்தா, அதாவது பஞ்சு மெத்தை, தயாரானது. கழிவு என்பதால் சீக்கிரம் அமுங்கும் என்று தையலை நெருக்கிப் போட்டீர்கள். கணக்கு எழுதியபோது ஐந்து கிலோ பஞ்சுக்கும் ரஜாய்க் கூலிக்கும் மட்டும் எழுதினீர்கள். கத்தாவுக்கு நான்கு மீட்டர் துணியின் விலை, அவ்வளவுதான். அடித்த கூலி, தைத்த கூலி எதுவும் இல்லை. கேட்டதற்கு, “பஞ்சு உங்களுடையதுதானே” என்றீர்கள்.

பாயைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். கத்தாவை நேரே தரையில் போட்டால், மேலே படுக்கிற உடம்பின் ஈரம் கீழே இறங்கி, குளிர்ந்த மொசைக்கில் பட்டு வேர்த்து நிற்கும். நான்கே நாளில் அடிப்பக்கம் பூஞ்சை வாடை வந்துவிடும். பாய் இருந்தால் நடுவே கொஞ்சம் காற்றோட்டம் இருக்கும். பிளாஸ்டிக் ஷீட் போடக் கூடாது, ஈரம் அங்கேயே தங்கிவிடும். காலையில் கத்தாவைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்க்க வேண்டும். வெயில் வந்தால் பதினொரு மணிக்கு மாடிச் சுவரில் போட்டு, இரண்டு மணிக்குத் திருப்பி, மூன்றரைக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். சாய்ங்கால ஈரத்தைப் பஞ்சு குடித்துவிட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது வீண். ரஜாயைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, மேலுறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம். இரண்டு மூன்று குளிர்காலம் கழித்துப் பஞ்சு கட்டிதட்டினால் திரும்ப அடிக்கக் கொண்டு வாருங்கள் என்றீர்கள். கட்டாயம் வருவோம், சாச்சா.

மற்றவர்களுக்கு ஆளுக்கொரு மடல் எழுத வேண்டும். இப்போது சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது. ஆக்ராவைத் தாண்டி மூடுபனியில் சிக்னல் தெரியாமல் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஊர்ந்த அந்த இரவில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிய எதிர் பெர்த் குடும்பத்துக்கு நன்றி. கரி போட்ட அங்கீட்டியை, அந்தக் கணப்படுப்பை, எங்கள் அறைக்குள் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்த கீழ்வீட்டு அம்மா, உங்களுக்கு நாங்கள் உயிரையே கடன்பட்டிருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தூங்குகிறவரை அது எழுப்புவதும் இல்லை. மூடிய அறைக்குள் கரி மூட்டம் போட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவது வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகிற செய்தி. புதிதாக வருகிற யாரும் அதைச் செய்யாதீர்கள்.

ஆர்.கே.புரம் மாமி, நீங்கள் தந்த வாட்டர் ஹீட்டர் ராடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. முதலில் ராடைத் தண்ணீருக்குள் விடு, குறி வரைக்கும் முங்கியிருக்கிறதா பார், பிறகு சுவிட்சைப் போடு; எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம் தண்ணீரைத் தொடு, இரும்பு வாளி வேண்டவே வேண்டாம் என்று ஐந்து தடவை சொல்லிக் கொடுத்தீர்கள். 1,500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும், சின்ன சாக்கெட் கருகும் என்று சொல்லி, பணம் வாங்காமல் 15 ஆம்பியர் சாக்கெட் மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி. இருபது லிட்டர் வாளி அரை மணியில் சுடுகிறது. மலை மந்திர் முருகன் கோயிலில் பார்த்த அன்றே கம்பளி கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள், ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பதற்றமில்லாமல் பேசியவர்கள், எல்லோர் முகமும் நினைவிருக்கிறது.

ஒன்றைத் தீர்மானித்திருக்கிறோம். அடுத்த கார்த்திகைக்குள் சாச்சா கடையில் இன்னொரு கத்தா தைத்து, எங்கள் அறையில் சுருட்டி வைத்திருப்போம். தெற்கேயிருந்து குளிரில் வந்து இறங்குகிற எந்தப் பெண்ணும் அதை வந்து எடுத்துக்கொள்ளலாம், ஊருக்குத் திரும்பும்போதோ கட்டில் வாங்கும்போதோ தந்தால் போதும். அவளிடம் முதலில் கேட்கப்போவதும் உங்கள் கேள்வியைத்தான், சாச்சா.

இன்னொன்று. கத்தாவைக் கொண்டுவந்து கொடுத்த அன்று எங்கள் பத்தமடைப் பாயின் ஓரத்தை விரலால் தடவி, இதை நெய்ய எத்தனை நாளாகும் என்று கேட்டீர்கள். சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. சித்திரையில் அம்மா வருகிறார். விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம், உங்கள் கடைத் திண்ணையின் அளவும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். மே மாத வெயிலில் மத்தியானம் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாய்வதற்கு ஒரு பாய் வரும்.

அன்புடன்,
மாடி அறைப் பெண்கள் இருவர்