பதில் சொல்பவரை முன்வைத்துப் படிவக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்: நம் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் அறக்கட்டளையின் கண் பரிசோதனை முகாம்கள், மாலை நேரப் பாடசாலைகள், ஆண்டுக் கணக்கெடுப்பு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஒரே இணையவழிப் படிவக் கருவியை ஆண்டுச் சந்தா கட்டி வாங்குவது குறித்து அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்தது. அந்தக் கருவியின் விளக்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். திரைக்கு ஒரு கேள்வியாக, நல்ல வண்ணத்தில், கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அதை நிரப்பிக் காட்டியவர் வைஃபை உள்ள அறையில், மடிக்கணினியில், ஆங்கிலத்தில் நிரப்பினார். நம் படிவங்களுக்குப் பதில் சொல்பவர்களில் ஒருவர்கூட அப்படி நிரப்பக்கூடியவர் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக முகாம்களில் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்த மேசைக்கு எதிரே வந்து நிற்பவர்களுக்காகவும் அவர்களிடம் கேள்வி கேட்கும் தன்னார்வலர்களுக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன். எல்லா உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். கையில் செல்பேசி, அதில் இணையப் படிவம், மொத்தம் 38 கேள்விகள். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கண்ணில் முதலில் மங்கலானது, சர்க்கரைக்கு மாத்திரை எங்கே வாங்குகிறார், மகன் எந்த ஊருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான் என்று இருபது நிமிடம் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் நிரப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சிக்னல் இல்லை; வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் தேடிப் பக்கத்து மேட்டில் ஏறினேன். அதற்குள் பக்கம் புதிதாகத் திறந்துகொண்டு, எல்லாக் கட்டங்களும் காலியாகிவிட்டன. திரும்பி வந்து நின்றபோது, "திரும்பவும் மொதல்லேருந்தா சொல்லணும் தம்பி?" என்று கேட்டார். சொன்னார். ஆனால் இரண்டாம் முறை சொன்னவையெல்லாம் ஒற்றைச் சொல் பதில்கள். மீதி வீடுகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, இரவு போளூருக்கு இறங்கி வந்து தட்டச்சு செய்தோம்.

எனவே மலைக் கிராமக் கணக்கெடுப்புக்கு நாம் வாங்கும் கருவி, இணைப்பு இல்லாத இடத்தில் பதில்களைச் செல்பேசியிலேயே பத்திரமாக வைத்திருந்து, இணைப்பு கிடைக்கும்போது அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு தகுதியை வைத்துப் பார்த்தாலே, சந்தைப் பட்டியலில் உள்ள பெரும்பாலான பெயர்கள் கழிந்துவிடும். விளக்கக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "இப்போதெல்லாம் எங்கும் நெட் இருக்கிறதே" என்று பதில் வந்தது. மலையில் இல்லை.

அடுத்தது பெயர். நாம் இப்போது பயன்படுத்தும் படிவத்தின் வார்ப்புரு வெளிநாட்டு வழக்கப்படி முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கிறது, இரண்டும் கட்டாயம். நம் ஊரில் ஒருவருக்கு ஒரு பெயர், அதன் முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். மலையில் பலருக்கு அந்த இனிஷியலும் புழக்கத்தில் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது என்பதால், ஒரு தன்னார்வலர் அதில் புள்ளி வைத்தார். இன்னொருவர் கணவர் பெயரை எழுதினார். மற்றொருவர் ஊர்ப் பெயரை எழுதினார். பிறந்த தேதிக் கட்டமும் கட்டாயம். வயதையே உத்தேசமாகச் சொல்பவர்களுக்கு எந்தத் தேதியைப் போடுவது? ஜனவரி 1 போட்டோம். நம் பதிவேட்டின்படி, அந்த மலையில் முதியவர்களில் பெரும்பாலோர் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள்.

இதைச் சிறு குறையாக நினைத்துவிட வேண்டாம். கண்புரை உள்ளவருக்குப் பொதுவாக முதலில் ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை செய்து, பிறகொரு நாளில் மறு கண்ணுக்குச் செய்கிறார்கள். முதல் முகாமில் வந்தவரை அடுத்த முகாமில் அடையாளம் கண்டு மறுபடியும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதுதான் நம் வேலையின் உயிர். ஒரே பெயர், ஒரே ஊர், வேறு வேறு கடைசிப் பெயர், பொய்யான பிறந்த தேதி என்றிருந்தால், ஒரே ஆள் இரண்டு ஆளாகிறார். இரண்டு ஆள் ஒருவராகிறார். போன முகாமில் மறு கண்ணுக்கு வரவேண்டியவர்களின் பட்டியலை நாங்கள் கையால், செல்பேசி எண்களை வைத்து, இரண்டு இரவு உட்கார்ந்து சரிபார்த்தோம். அந்த எண்களிலும் சிக்கல் இருந்தது: முன்னால் 91 சேர்த்து எழுதிய எண்கள் எக்செல்லில் திறந்தவுடன் 9.19E+11 என்று சுருங்கிப் போயிருந்தன. தமிழில் எழுதிய ஊர்ப் பெயர்களோ, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாக இறக்கி நேரடியாகத் திறந்தபோது, படிக்க முடியாத குறிகளாக வந்தன. எழுத்துகள் கெட்டுப்போகவில்லை, கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருப்பதை எக்செல் தானாக அறிந்துகொள்ளாததே காரணம். தரவு இறக்குமதி வழியாகத் திறந்தால் சரியாக வரும். ஆனால் இது தெரியாத ஒருவர் அந்த நிலையிலேயே கோப்பைச் சேமித்துவிட்டால், அந்தப் பிரதியில் தமிழ் போனது போனதுதான்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முன்பதிவுப் படிவம் ஒன்றை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தோம். பதிலளித்தவர்கள் மற்றவர்களின் பதில் தொகுப்பைப் பார்க்கலாம் என்ற ஓர் அமைப்பு (செட்டிங்) அதில் திறந்தே கிடந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தன் தாயாருக்காகப் பதிவு செய்த ஒரு பெண் என்னை அழைத்து, "எங்க தெருக்காரங்க நம்பரும், அவங்களுக்கு என்ன வியாதின்னும் எனக்குத் தெரியுது. எங்க அம்மாவோடதும் அவங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அறிய வழி இருக்கவில்லை. தவறு கருவியுடையது என்று நான் சொல்லவில்லை. அமைப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பை நாம் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

அந்தப் படிவம் ஒரு தன்னார்வலரின் சொந்தக் கணக்கில் உருவாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் இப்போது வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருக்கிறார்; நல்ல மனிதர், கேட்டால் அனுப்பிவைப்பார். ஆனால் அத்தனை பேரின் நோய் விவரமும் அவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கில் இன்றுவரை இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் பட்டியல் வேறொருவரின் கணக்கில் இருக்கிறது. எந்தக் கருவியை வாங்கினாலும், அறக்கட்டளையின் பெயரில் உள்ள கணக்கில் வாங்கி, குறைந்தது இரண்டு நிர்வாகிகளிடம் பொறுப்பைக் கொடுக்காவிட்டால், இதே கதைதான் தொடரும்.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. எந்தத் தகவலை எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். கொடுத்த சம்மதத்தை அதே எளிமையோடு திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். நம் பாடசாலைகளில் படிப்பவர்கள் எல்லோரும் அந்த வயதினரே. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் தண்டத் தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். நம்மைப் போன்ற சிறு அமைப்பு அந்த உச்சத்தை நினைத்து நடுங்க வேண்டியதில்லை; ஆனால் தமிழில் சம்மத அறிவிப்பை வைக்கவும், ஒருவர் கேட்டால் அவருடைய பதிலை மட்டும் எடுத்து நீக்கவும் கருவியில் இடம் உண்டா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. பழைய படிவங்களில் ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்திருந்தோம். காப்பீட்டுக்குத் தேவையென்றால் மருத்துவமனை கேட்டுக்கொள்ளும். நம்மிடம் அது இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த அளவுகோல்களை வைத்து, எனக்குப் பழக்கமான கருவிகளைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். களக் கணக்கெடுப்புக்கு ஓடிகே (ஓப்பன் டேட்டா கிட்), அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட கோபோ டூல்பாக்ஸ். ஓடிகே 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள். கோபோ, ஹார்வர்டின் மனிதநேய ஆய்வு மையத்தில் வளர்ந்து, பேரிடர் நிவாரணப் பணிகளில் உலகெங்கும் பயன்படுவது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் செயலியை நிறுவிப் படிவத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பிறகு இணைப்பே இல்லாமல் நாள் முழுக்க நிரப்பலாம். கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே படிவத்தில் எழுதி, வேண்டிய மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். படிவத்தை எக்செல் கோப்பாகவே எழுதலாம் என்பதால், அடுத்த ஆண்டு கருவியை மாற்றினாலும் கேள்விகள் நம் கையில் இருக்கும். அழகு குறைவு, 'சர்க்கரை உண்டா' என்பதற்கு 'ஆம்' என்றால் மட்டும் மருந்துக் கேள்வி வரவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை எழுதப் பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். நான் கற்றுக்கொண்டேன், இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறேன்.

தன்னார்வலர் வருகைப் பதிவு, கூட்டத் தேதி, நன்கொடையாளர் கருத்து போன்றவற்றுக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் தாராளமாகப் போதும். கட்டணம் இல்லை. ஆனால் கோப்பைப் பதிவேற்றும் கேள்வி வைத்தால் பதிலளிப்பவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும் என்பதால், பழைய மருத்துவ அறிக்கையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதற்கு அது உதவாது. தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பித்து நம் பெயரில் கணக்குகள் தொடங்கினால், சொந்தக் கணக்குச் சிக்கல் தீரும். லைம்சர்வே 2003 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள். சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம், தரவு முழுக்க நம்மிடமே இருக்கும் என்ற வகையில் அதன் மீது எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்த சர்வரைப் பராமரிக்க, பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போட, நம்மிடம் ஆள் இல்லை. கவனிப்பாரற்ற சொந்த சர்வரைவிட, நன்றாகக் கவனிக்கப்படும் பிறர் சர்வர் பத்திரமானது.

சந்தாவைப் பற்றி ஒன்று மட்டும். இத்தகைய கட்டணக் கருவிகளில் பல, மாதத்துக்கு வரும் பதில்களின் எண்ணிக்கையைக் கொண்டே விலை வைக்கின்றன. நமக்குப் பதில்கள் சீராக வருவதில்லை. முகாம் நடக்கும் மாதத்தில் குவியும், மற்ற மாதங்களில் ஒன்றிரண்டுதான். குவியும் மாதத்துக்கு ஏற்ற திட்டத்தை ஆண்டு முழுவதற்கும் வாங்குவது, நன்கொடையாளர் தந்த பணத்தை வீணாக்குவது. வெளிநாட்டு நிறுவனங்களின் டாலர் சந்தா என்றால், அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகளும் உண்டு. பொருளாளர் மாறும் ஆண்டில் ஒரு தவணை தவறினால் நம் பழைய பதில்கள் திறக்குமா, பூட்டப்படுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் கேட்பவை இவை. சந்தா முடிவை அடுத்த முகாம் முடியும் வரை தள்ளிவையுங்கள். அதற்குள், பழைய படிவங்களையும் பதில் தாள்களையும் தனிநபர் கணக்குகளிலிருந்து அறக்கட்டளையின் கணக்குக்கு மாற்றி, ஆதார் எண் உள்ள நெடுவரிசைகளை அழித்துவிடுங்கள். 38 கேள்விகளில் எவற்றின் பதிலை நாம் உண்மையில் பயன்படுத்தினோம் என்று களக்குழுவை உட்காரவைத்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் கழியும் என்று நினைக்கிறேன். முகாமுக்கு முன் நடக்கும் கணக்கெடுப்பில், நீங்கள் பார்த்த கருவியையும் கோபோவையும் இரண்டு செல்பேசிகளில் வைத்துக்கொண்டு, செயற்குழுவிலிருந்து இருவர் வந்து, தாங்களே பத்துப் பத்து வீடுகளில் கேட்டு நிரப்பிப் பாருங்கள். கணக்கெடுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போளூர் பேருந்து நிலையத்தில், படிவம் இறக்கி வைத்த செல்பேசிகளோடு நான் காத்திருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
களப்பணிக் குழுத் தன்னார்வலர்