கோமதிக்கு, ஊன்றுகட்டை விஷயமாக

கோவை
ஞாயிறு இரவு

அடியே கோமதி,

கால் உடைந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, எனக்குச் செய்தி வருவது ராஜி வழியாக! முப்பது வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா? சரி, நானும் பொங்கலுக்குப் பிறகு உன்னைக் கூப்பிடவில்லை, கணக்கு நேராகிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் அரியரை ஒருவழியாக முடித்துவிட்டான். மற்றதெல்லாம் பிறகு.

இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உன் வீட்டுக்காரர் அனுப்பிய போட்டோ. இரண்டு கக்கத்திலும் கட்டையை முட்டுக்கொடுத்து, தோள் காது வரை ஏறி, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரித் தொங்கிக்கொண்டு நிற்கிறாய். சிரிப்பு வேறு. அந்தக் கட்டை உனக்கு இரண்டு பட்டன் ஓட்டையாவது உயரம் அதிகம். கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை அப்படியே ஊன்றத் தொடங்கிவிட்டாய், இல்லையா?

நாளைக் காலை காப்பி குடித்ததும் முதல் வேலை இதுதான். நல்ல காலில் வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நிமிர்ந்து நில். கட்டையின் ரப்பர் முனையைப் பாதத்துக்குப் பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர், முன்னால் 15 சென்டிமீட்டர் தள்ளி வை. இப்போது மேலே இருக்கும் பஞ்சுக்கும் கக்கத்துக்கும் நடுவே மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் கீழ்க்குழாயில் உள்ள பட்டனை அமுக்கி உள்ளே தள்ளு. பட்டன் ‘டக்’கென்று அடுத்த ஓட்டையில் முழுசாக வெளியே வர வேண்டும். பாதி வந்த பட்டன்தான் நடு முற்றத்தில் காலை வாரும். பிறகு கைப்பிடி. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே இருக்கிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கும், 20 முதல் 30 டிகிரி. இரண்டு கட்டையையும் அப்படியே அளந்து வை. கைப்பிடி நட்டைத் தினமும் ஒருமுறை திருகிப் பார்க்கும்படி அவரிடம் சொல். நடக்க நடக்க அது தானாகத் தளரும்.

எடை உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். மேல் பஞ்சை விலாவோடு கையால் இடுக்கிக்கொள், அவ்வளவுதான் அதன் வேலை. கக்கத்தின் வழியாகக் கைக்கு நரம்புகள் இறங்குகின்றன. நாள் முழுக்க அங்கே தொங்கினால் புறங்கை மரத்துப்போகும், அதற்கும் மேலே போனால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். சரியாகும், ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். உள்ளங்கை எரிகிறது என்று ராஜியிடம் புலம்பினாயாமே. எரியட்டும், எடை சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடியில் பழைய துண்டைக் கிழித்து இறுக்கிச் சுற்று. நழுவும் சுற்று இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

நடையும் போட்டோவிலேயே தெரிகிறது, அடியைப் பெரிதாக எடுத்து வைக்கிறாய். இரண்டு கட்டையையும் சேர்த்து ஓரடி முன்னால் வை, கையை அழுத்து, நல்ல கால் கட்டைக்குச் சமமாக வந்து நிற்கட்டும். கட்டையைத் தாண்டி வீசி நடப்பதெல்லாம் இரண்டு வாரம் கழித்து. இப்படி ஒற்றைக்காலில் நடப்பதற்குச் சாதாரண நடையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தெம்பு செலவாகும். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாலு தடவை போனதற்கே மூச்சு வாங்குகிறது என்று வெட்கப்படாதே.

உன் வீடு வேறு இருக்கிறதே! சிவப்புச் சிமெண்ட் தரை, ஒவ்வொரு நிலைக்கும் அரையடி வாசப்படி, பாசி பிடித்த முற்றம். அம்பாசமுத்திரத்தில் இப்போது சாரல் நேரம் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வெளியே போய்விட்டு உள்ளே வந்ததும் ரப்பர் முனை இரண்டையும் மிதியடியில் துடைக்காமல் ஓரடி எடுத்து வைக்காதே. ஈர ரப்பரும் வழவழப்பான தரையும் சேர்ந்தால் சோப்புதான். வாசல் தெளிப்பு, மாவாட்டிய இடம், துணி பிழிந்த இடம் எல்லாம் காயட்டும். கூடத்து மிதியடி, பழைய சாக்கு, பேரன் வந்தால் இறைக்கும் கார் பொம்மை, எல்லாவற்றையும் ஆறு வாரத்துக்குப் பரணில் போடு. நைட்டியின் ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் மடித்துத் தைத்துக்கொள். கட்டை முனை நைட்டியை மிதித்து விழுந்தவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய. நல்ல காலுக்கு ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ளது போடு.

வாசப்படி, மாடிப்படி இரண்டுக்கும் ஒரே மந்திரம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டை முதலில். உடலைத் தூக்குவதும் தாங்கி இறக்குவதும் நல்ல காலின் வேலை என்பதால் அது மேல்படியிலேயே இருக்க வேண்டும். மாடிக்குப் போக வேண்டாம் என்றால் நீ கேட்கமாட்டாய், மொட்டை மாடியில் வற்றல் காய்வதைப் பார்க்காமல் உனக்குத் தூக்கம் வராது. உன் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. ஆகவே உட்கார்ந்தே ஏறு. படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை மேல்படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி, ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே ஏறு. இறங்குவதும் உட்கார்ந்துதான். அத்தை பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாற்காலி விஷயத்தில் அவசரப்படாதே. நாற்காலி விளிம்பு தொடையின் பின்னால் படும் வரை பின்னாலேயே போ. பிறகு இரண்டு கட்டையையும் ஒரே கையில் சேர்த்துப் பிடி, மறுகையால் நாற்காலிக் கையைப் பிடி, அடிபட்ட காலை முன்னால் நீட்டி மெல்ல இறங்கு. எழுவது இதற்கு நேர் தலைகீழ். கட்டையைச் சாய்த்து வைக்கும்போது பஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி தலைகீழாக வை, சரிந்து விழாது. விழப்போகிறாய் என்று தெரிந்தால் இரண்டையும் பக்கவாட்டில் வீசிவிடு. கட்டையின் மேலேயே விழுந்து விலாவை உடைத்துக்கொள்ளாதே.

குளியலறைக்கு இப்போதே இரண்டு சாமான் வாங்கு. இந்தியன் டாய்லெட்டின் மேல் நிறுத்தும் கமோடு நாற்காலி, மருந்துச் சாமான் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் உனக்குச் சரி. குளிக்க ஒரு கனமான நாற்காலி. மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் ஈரத்தரையில் அகன்று விரியும், கவனம். வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து மொள்ளாதே, ஒரு முக்காலி மேல் வை. கட்டுப் போட்ட காலை எதிரே இன்னொரு ஸ்டூலில் நீட்டி, பிளாஸ்டிக் உறையைக் கட்டின் மேல் விளிம்பைத் தாண்டி மாட்டி, டேப்பால் ஒட்டு. உறை போட்டாலும் காலைத் தண்ணீரிலிருந்து தள்ளியே வை. உன்னுடையது ஃபைபர் கட்டு என்று தெரிகிறது. அந்த ஓடு நனைந்தாலும் கெடாது, ஆனால் உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் காயாமல் தோலை ஊறவைத்துவிடும். அரிக்கிறது என்று ஸ்கேலோ பின்னல் ஊசியோ உள்ளே விட்டாயானால் நேரே வந்து உன்னை உதைப்பேன். ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை விடு, இல்லையென்றால் கட்டின் மேல் தட்டு.

அடுப்படியில் உயரமான ஸ்டூல். கொதிக்கும் குழம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பாதே, மேடை மேலேயே தள்ளி நகர்த்து. கையில் எதையும் பிடிக்க முடியாதல்லவா, அதனால் காலேஜ் நாள் ஜோல்னாப் பையைத் தேடி எடுத்துக் குறுக்காக மாட்டு. அந்தப் பச்சைப் பைதான், வார்டன் பறிமுதல் செய்தாளே, அது. போன், கண்ணாடி, மாத்திரை, மூடி இறுக்கிய பிளாஸ்கில் காப்பி எல்லாம் அதற்குள் போகட்டும்.

மற்ற நேரமெல்லாம் கால் மேலேதான். மேலே என்றால் மோடாவில் வைப்பதில்லை. படுத்து, இரண்டு தலையணை வைத்து, பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் விரல் கருஞ்சிவப்பாவது சகஜம், தூக்கியதும் நிறம் திரும்ப வேண்டும். மணிக்கொரு தடவை விரலை ஆட்டு, தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடு, காலை நேராக நீட்டிப் பத்துத் தடவை தூக்கு.

இப்போது சரோஜா சித்தி கதைக்கு வருகிறேன். அவள் கால் உடைந்த மூன்றாம் வாரமே கோயிலுக்கு நடந்தாள், நீ மட்டும் ஏன் ஆறு வாரம் என்று வீட்டில் பேச்சாமே. உன் வீட்டுக்காரர் அனுப்பிய எக்ஸ்ரேயையும் சீட்டையும் பார்த்தேன். சுண்டுவிரலுக்குப் பின்னால் போகும் ஐந்தாவது நீள எலும்பு அது. அதன் குதிகால் பக்க முனையில் ஒரு சில்லு பெயர்ந்தால் கவலையில்லை, பூட்ஸ் மாட்டிச் சீக்கிரமே நடக்கவிடுவார்கள். சித்திக்கு அதுதான். உனக்கு உடைந்திருப்பது அங்கிருந்து விரல் பக்கமாக ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூடத் தாமதிக்கும், சிலருக்குக் கூடாமலே போய்த் திருகாணி போட வேண்டியிருக்கும். உன் சீட்டில் ‘ஜோன்ஸ்’ என்று எழுதியிருப்பது அந்த உடைசல்தான். ராபர்ட் ஜோன்ஸ் என்ற லிவர்பூல் எலும்பு மருத்துவர் 1902இல் இதைப் பற்றி எழுதினார். உடைந்தது அவருடைய சொந்தக் கால், அதுவும் நடனமாடும்போது! நீ கோலப்பொடி டப்பாவோடு விழுந்தாய். அவரவர் கலை.

நாலாம் வாரம் வலி நின்றுவிடும். நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா, அன்றைக்கே யாரும் பார்க்காத நேரத்தில் காலை ஊன்றிப் பார்ப்பாய். வலி நிற்பது வேறு, எலும்பு கூடுவது வேறு. உனக்கு இன்னொன்றும் இருக்கிறது, கோமதி. ஆறு வருஷமாகச் சர்க்கரை. போன தடவை பார்த்தபோது பாதம் மதமதவென்று இருக்கிறது என்றாய், நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட காலுக்கு வலி என்ற காவல்காரன் பாதி நேரம் தூங்கிவிடுவான். கட்டுக்குள்ளே புண் வந்தாலும் தெரியாது. அதனால் வலிக்கிறதா என்று பார்க்காதே, வேறு அடையாளங்களைப் பார். கட்டுக்குள்ளிருந்து வாடை, மேலே ஈரக்கறை, காய்ச்சல், திடீரென்று ஏறும் சர்க்கரை, தூக்கி வைத்தும் நிறம் திரும்பாத விரல், மாத்திரைக்கு அடங்காத இறுக்கம், கெண்டைக்கால் வீங்கி நோவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் என்று தள்ளாதே. திடீரென்று மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் காக்காமல் 108. உன் மருத்துவரிடம் சர்க்கரையைச் சொன்னாயா என்பதே எனக்குச் சந்தேகம். நாளைக்கே சொல்.

புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று அத்தை சொல்கிறார்களாம். மரத்த காலில் மூங்கில் பத்தை வைத்து இறுக்குவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல். ஆட்டுக்கால் சூப்பை மட்டும் மறுக்காதே, அவர்கள் மனசு நோகும். அதில் கால்சியம் அதிகமில்லை, ருசிதான். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை ஏறும், அடையாகத் தட்டி முருங்கைக்கீரையோடு சாப்பிடு. முட்டையும் பயறும் தினமும் வேண்டும்.

கட்டுப் பிரித்ததும் கால் குச்சியாகத்தான் இருக்கும், பயப்படாதே. செதில் செதிலாக உரியும் தோலைப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதே, எண்ணெய் போதும். அப்போது மருத்துவர் 20 கிலோ எடை போடலாம் என்பது மாதிரி ஏதாவது சொல்வார். அதை அறிய வீட்டு எடை மெஷின் போதும்: கட்டையைப் பிடித்தபடி அந்தக் காலை மட்டும் மெஷினில் வைத்து, முள் 20க்கு வரும் வரை அழுத்து. பத்துத் தடவை செய்தால் காலுக்கே அளவு பழகிவிடும். பிறகு ஒற்றைக் கட்டைக்கு மாறும்போது அது நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். எல்லோரும் நோகிற பக்கம்தான் பிடிப்பார்கள், நீயும் பிடிப்பாய்.

தூக்கம் வருகிறது. உயரத்தைச் சரிசெய்தபின் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சிரிக்க வேண்டாம், தோளைத் தளர்த்தி நில்.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: கட்டை முனையில் மாட்டும் ரப்பர் புஷ் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வைக்க அவரிடம் சொல். அடியில் உள்ள வளையங்கள் தேய்ந்து வழவழவென்று ஆன அன்றே மாற்ற வேண்டும். குழாயின் பருமனுக்குத் தகுந்த அளவு வேண்டும் என்பதால் பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகட்டும், கண்ணளவில் வாங்கி வரப்போகிறார்.