வேதாகமத்தைத் தமிழில் எழுதிய தமிழர்களின் பெயர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து மிஷனரிமாரைப் பற்றி அண்மையில் உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது, 1823இல் அவர்களுடைய உயர்கல்விப் பள்ளியான வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் ஒரு தமிழருடைய பெயர்கூட இல்லை. "பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பேர்சிவல் இங்கிலாந்து மெதடிஸ்த சபையின் வெஸ்லியன் மிஷன்காரர். நல்லூர் ஆறுமுகநாவலர் அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்த மாணவர். இருபது வயதுகூட ஆகாத காலத்திலேயே அங்கே படிப்பிக்கவும் பேர்சிவலோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கவும் தொடங்கி, 1848இல் மிஷன் வேலையை விடும்வரை அதில் இருந்தார். நெற்றியில் திருநீறோடு இருந்த ஒரு சைவ இளைஞனிடம், தங்கள் மதத்தின் முதல் நூலை ஒரு பாதிரியார் நம்பிக் கொடுத்தார், அந்த இளைஞனும் மதம் மாறாமலே அதை நேர்மையாகச் செய்தார். இதைவிடப் பெரிய செய்தி எங்கள் மிஷன் வரலாற்றில் வேறு என்ன இருக்கிறது? எழுதியதைச் சென்னைக்குக் கொண்டுபோனபோது மகாலிங்கையர் என்ற தமிழ்ப் பண்டிதர் பார்த்து இதுவே நல்ல தமிழ் என்று ஒப்புக்கொண்டதாக நாவலர் வரலாறுகள் சொல்கின்றன. 1850இல் அச்சில் வந்தது.

கிறிஸ்தவர்களாகிய எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பிறகு நாவலர் மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர், அதனால் அந்தக் கதையை விட்டுவிடுவோம் என்பார்கள். விடக்கூடாது. அவர் எதிர்த்தது அவருடைய உரிமை. செய்த வேலை செய்ததுதான்.

இது நாவலரோடு நிற்கவில்லை. பிலிப்பு தெ மெல்லோ என்று ஒருவர், கொழும்பில் பிறந்தவர், பின்பு யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர். அவர் செய்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. அமெரிக்க மிஷன் வருவதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் முந்திய கதை இது. சபைகளில் இன்றைக்கும் வாசிக்கிற 1871ஆம் ஆண்டுத் திருத்திய தமிழ் வேதாகமத்தைப் பவர் பாதிரியார் பெயரில் சொல்கிறோம், அவருக்கு உதவிய முத்தையாப் பிள்ளையை எத்தனை போதகர்மாருக்குத் தெரியும்? 1842இல் வந்த மானிப்பாய் அகராதி என்ற தமிழ் அகராதியின் பின்னால் சந்திரசேகர பண்டிதர் இருக்கிறார்.

பெயர்கள் தொலைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. செமினரியில் படித்த பெடியன்களுக்கு, அவர்கள் படிப்புக்குக் காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களையே வைத்தார்கள். அதனால் பழைய அறிக்கைகளைப் புரட்டுகிறவர் ஆர்னல்ட், கரல், ஹென்றி மார்ட்டின் என்று வாசித்து, இவர்களும் வெள்ளைக்காரர் என்று தாண்டிப் போய்விடுவார். ஆர்னல்ட் என்பவர் தமிழ்ப் புலவர்களின் வரலாறான 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை. கரல் என்பவர் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். ஹென்றி மார்ட்டின் 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய தமிழர். தாய் தகப்பன் வைத்த பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைச் சூட்டினது அந்தக் காலத்து வழக்கம் என்பார்கள், எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிமாரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. உடுவில் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மா 1833இல் இங்கேயே இறந்தார். டானியல் பூர் 1855இல் மானிப்பாயில் கொலராவில் போனார். ஸ்போல்டிங் 1820இல் வந்து 1873இல் சாகும்வரை இந்த மண்ணில்தான். டொக்டர் கிறீன் வைத்தியப் படிப்பையே தமிழில் சொல்லிக் கொடுத்து, அமெரிக்காவுக்குத் திரும்பிப் போன பிறகும் தமிழ் வைத்திய நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தவர். 'தமிழருக்கான வைத்திய ஊழியன்' என்ற பொருளில் கல்லறையில் எழுதும்படி சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் எல்லாரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது. கனகாலம் இருந்தார்கள், ஊர் ஆட்களிடம் மாணவராக இருந்து மொழி படித்தார்கள்.

இந்த வேலை இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. என் பெறாமகள் ஒருத்தி ஒஸ்திரேலியாவில் வளர்ந்தவள். கலியாணம் கட்டி, புருஷனோடு பப்புவா நியூகினியில் ஒரு மலைக் கிராமத்தில் இருந்து, அந்த ஊர் மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவரும் வேலை செய்கிறாள். அந்த ஒரு நாட்டில் மட்டும் 800க்கு மேல் மொழிகள், இந்த மலையில் பேசுவது அடுத்த மலைக்காரருக்கு விளங்காது. போனவுடனே யாரும் பேனையைத் தூக்குவதில்லை. முதலில் நாட்டுக்குப் பொதுவான தொக் பிசின், அப்புறம்தான் கிராமத்து மொழி. பெண்களோடு தோட்டத்தில் வத்தாளங்கிழங்கு நட்டு, செத்தவீட்டில் இரவிரவாகக் கூட இருந்து, மலேரியாவில் கிடந்து எழும்பித்தான் மொழி வாயில் வந்தது என்கிறாள். இங்கேயிருந்து ஃபோன் எடுக்கிற சொந்தக்காரர் எல்லாரும் "எத்தனை அதிகாரம் முடிஞ்சுது?" என்றுதான் கேட்பார்கள், பாவம் அவள் என்ன சொல்வாள்.

வேலை நடக்கிற விதத்தைக் கேட்டால் உங்கள் கட்டுரைக்காரருக்கும் உதவும். முதல் வரைவை எழுதுவது கிராமத்து ஆட்கள்தான். மூலத்தில் என்ன இருக்கிறது, பின்னணி என்ன என்று விளக்கிச் சொல்வது இவள் பங்கு. எழுதியதை, அதுவரை அந்தக் கதையைக் கேட்டே இராத ஒரு ஆச்சிக்கு வாசித்துக் காட்டி, யார் யாருக்கு என்ன சொன்னது, ஏன் கோபப்பட்டார் என்று திருப்பிக் கேட்பார்கள். ஆச்சி வேறு மாதிரிச் சொன்னால் பிழை எழுத்தில், திரும்ப எழுத வேண்டும். பிறகு அந்த வேலையில் சேராத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்கோ தொக் பிசினுக்கோ வரிவரியாக மாற்றிக் கொடுப்பார், அதை வைத்து ஆலோசகர் ஒருவர் வந்து வசனம் வசனமாகக் கேள்வி கேட்பார். இதற்கிடையில் எழுத்தே இல்லாத மொழி என்றால் எழுத்து உண்டாக்க வேண்டும், வாசிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாசிக்க ஏலாதவர்களுக்கு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். புதிய ஏற்பாடு மட்டும் முடியப் பத்து, பதினைந்து வருஷம் போவது புதினமில்லை. புத்தகம் வந்தால் யாருடைய பெயரைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "எழுதின ஆக்களின்ரதான் சித்தி" என்று உடனே சொன்னாள்.

எங்கள் சபைகளும் இப்போது வேறு நாடுகளுக்கு ஊழியர்களை அனுப்ப ஆசைப்படுகின்றன, நல்லது. ஆனால் சேர்க்கிற காசு இரண்டு கிழமைப் பயணத்துக்கும் அங்கே எடுக்கிற படங்களுக்கும் போகிறது. ஒரு பிள்ளை இரண்டு வருஷம் எந்த அறிக்கையும் எழுதாமல் மொழி மட்டும் படித்துக்கொண்டு இருக்கச் சபை சம்மதிக்குமா? சம்மதிக்காவிட்டால் அனுப்பவே வேண்டாம் என்பது என் எண்ணம். போகிற இடத்து ஆட்களுக்குச் சம்பளமும் பெயரும் கொடுக்கப்படுகிறதா என்றும் கமிட்டியில் கேட்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை மிஷன் வரலாறு போடும்போது மொழிபெயர்த்த தமிழர்களையும் பெயரோடு போடுங்கள், செமினரிப் பெயர் வைக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்ப் பெயரையும் சேர்த்து. பழைய சபைப் பதிவேடுகளும் ஆண்டறிக்கைகளும் இன்னும் சில கோயில் அலுமாரிகளில் கறையான் பிடித்துக் கிடக்கின்றன. போரிலும் இடப்பெயர்விலும் போனது போக மிஞ்சியது அவ்வளவுதான். அவற்றை வைத்திருக்கிற போதகர்மாரும் மூப்பர்மாரும் மிஷனரிமாருக்கு மொழி படிப்பித்த முன்ஷிமார், பண்டிதர்மார் பெயர் ஏதும் கண்டால் ஃபோனில் படம் எடுத்து உங்கள் பத்திரிகைக்கு அனுப்பட்டும். வாரம் ஒரு பெயராக ஒரு சின்னப் பெட்டியில் போட உங்களுக்கு இடம் இருக்குமா என்று தெரிவிப்பீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானிப்பாய்