லைசன்ஸைக் கடைக்கு அல்ல, ஆளுக்குக் கொடுங்கள்

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலையில் 19 வருடமாக ஏசி பூட்டுவதும் திருத்துவதும்தான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு லைசன்ஸைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். நான் வேண்டும் என்கிற பக்கம். ஆனால் அதை யார் பெயரில் கொடுப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

போன கச்சான் காற்றுக் காலத்தில் உப்புவெளியில் ஒரு விடுதிக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஏசியின் வெளிப்பெட்டியான அவுட்டோரைக் கடலுக்கு நேரே பூட்டியிருந்தார்கள். உப்புக்காற்றில் அரித்துப்போன அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தன. எனக்கு முன்னே வந்த பொடியன் கசிவைத் தேடாமலே மூன்று தடவை காஸ் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நாலாம் தடவை கொப்பர் பைப்பை ஒட்டலாம் என்று, உள்ளே காஸ் மிச்சம் இருக்கும்போதே டோர்ச்சைப் பற்றவைத்துவிட்டான். தீப்பிடிக்காத பழைய ஆர்22 காஸ் என்று நினைத்தானாம். அது ஆர்32, தீப்பிடிக்கிற காஸ். புருவமும் முன்மயிரும் கருகியதோடு தப்பினான். அவனை அனுப்பிய கடையில் வியாபாரப் பதிவுப் பத்திரம் பிரேம் போட்டுத் தொங்குகிறது. அதில் முதலாளியின் பெயர் இருக்கிறது. டோர்ச் பிடித்தவனின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை.

ஆகவே ஏணியில் ஏறுகிறவனின் பெயருக்கே லைசன்ஸ் கொடுங்கள். கடைக்காரருக்கு வேண்டுமென்றால் தனியாக ஒன்று கொடுங்கள்.

பரீட்சையில் படம் வரையச் சொல்லாதீர்கள். ஒரு பைப்பைக் கொடுத்து, அதன் வாயை விரித்து ஃபிளேர் அடிக்கச் சொல்லுங்கள், நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வெக்கியூம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரோனுக்கு இறக்கி, அது அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் பம்ப்பை வான் வண்டியிலேயே விட்டுவிட்டு, மெஷினில் இருக்கிற காஸைக் கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிடுவது எங்களுக்குள் சாதாரணம். (தொடக்கத்தில் நானும் செய்தவன்தான்.) உள்ளே தங்கும் ஈரம் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகி, மெதுமெதுவாகக் கொம்பிரசரைத் தின்றுவிடும். வாடிக்கையாளர் கம்பனியைத் திட்டுவார்.

பழைய காஸைச் சிலிண்டருக்குள் இழுத்தெடுக்கவும் தெரியவேண்டும். ஒரு கிலோ ஆர்22 காற்றில் கலந்தால், ஏறக்குறைய 1,800 கிலோ கரியமில வாயு விட்ட அளவுக்குப் பூமி சூடாகும். ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்த மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030க்குள் அதன் இறக்குமதியே கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். இங்கே இன்னும் வால்வைத் திறந்து வானத்துக்கு விடுகிறார்கள்.

சரி, பழைய ஆட்களை என்ன செய்வது? எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். கொம்பிரசரின் சூட்டைக் கையால் தொட்டே காஸ் குறைவு என்று சொல்லிவிடுவார். படிவம் நிரப்பச் சொன்னால் பேனையை என்னிடம் நீட்டுவார். முன் அனுபவத்தைச் சோதித்து என்.வி.க்யூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தமிழில் வாய்மொழியாகக் கேட்டு, செய்முறையாகப் பார்த்து, திருகோணமலையிலேயே நடத்துங்கள். ஒரு நாள் சோதனைக்காகக் கொழும்புக்குப் போய்வந்தால் அவருக்கு இரண்டு நாள் உழைப்புப் போய்விடும்.

வருவதென்றால் கார்த்திகை, மார்கழியில் மழைக்குள் வாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை நிலாவெளிப் பக்கம் எங்களை ஏணியிலிருந்து இறக்க உங்களால் முடியாது.

இப்படிக்கு,
ஓர் ஏசி திருத்துநர்,
திருகோணமலை